விலை இறங்காத சின்னப்பொண்ணு

சின்னப்பொண்ணு ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் பல வருஷமாக மீன் வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர்களைப் போல, சொன்னதில் பாதிக்குக் கேட்பார்கள். அவள் பதிலே சொல்ல மாட்டாள். மீனை அவர்கள் கையிலிருந்து வாங்கி ஐஸ் மேல் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் சீரியல் கதை பேச ஆரம்பித்துவிடுவாள். வந்தவர் நாலு கடை தள்ளிப் போய் அங்கே கிடக்கிற மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். திரும்பி வருகிற முகம் அவளுக்கு அத்துப்படி. அதைக் கண்டதும் அரிவாள்மனையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வாள்.

பேரத்தில் அவளுக்கு இரண்டே சட்டம். முதலில் கேட்கிறது யாருக்கும் கடைசி விலை கிடையாது. திரும்பி வருகிறவர் தன் பிடியிலிருந்து இறங்கத்தான் வருகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் வாழ்கிற சொல்தா வீட்டு அம்மாக்களும் சரி, காரில் வந்து இறங்குகிற கம்பெனி வீட்டு அம்மாக்களும் சரி, இந்த இரண்டு சட்டத்திலும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். வெயில் ஏறினால் விலை இறங்கும் என்பது மட்டும் அவள் கையில் இல்லை. அது மீனின் குணம். அதனால் வெயிலுக்கு முன்னாலேயே விற்று முடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பிள்ளைச்சாவடிக் குப்பத்தில்தான். கல்யாணமான புதிதில், கூடையோடு ஏறப் போனவளைப் பார்த்து ஒரு பஸ் கண்டக்டர், "மீனு நாறுது, எறங்கு" என்றார். உள்ளே இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். சின்னப்பொண்ணு இறங்கினாள். இறங்கியவள் பஸ்ஸுக்கு முன்னால் போய், கூடையை நடுரோட்டில் வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஹாரன் அடித்தார்கள், கெஞ்சினார்கள், போலீஸ் வரும் என்றார்கள். "வரட்டும், அவங்களுக்கும் மீனு விப்பேன்" என்றாள். கடைசியில் டிரைவரே இறங்கி வந்து கூடையைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் குப்பத்துப் பெண்களின் கூடை எல்லாமே ஏறியது.

இந்தக் கதையை அவள் சொல்வதைவிட அவள் புருஷன் இருசப்பன் சொன்னதுதான் அதிகம். கரையில் வலை பிரித்துக்கொண்டே, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவான். அவன் சாது. ஃபைபர் படகில் போய் வருவான், பிடித்ததைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டுவான், அதோடு அவன் வேலை முடிந்தது. "புடிக்கிறது நானு, பேசுறது அவ" என்பான். வீடு கட்டக் கொத்தனார் பேசியதும், மகள் ஜெயசித்ராவை நோணாங்குப்பத்தில் கொடுக்கச் சம்பந்தம் பேசியதும் அவள்தான். யார் எதைக் கேட்டாலும் அவன் கை அவள் பக்கம் நீளும்.

ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. அது மூக்கு. பஸ்ஸில், பேங்கில், ரேஷன் கடையில், அவள் பக்கத்தில் வந்து நின்றதும் எதிராளியின் கை மூக்குக்குப் போகும். பார்த்துப் பார்த்தே வயசாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது. யாராவது அப்படி மூக்கைப் பொத்திவிட்டால் அப்புறம் அந்த ஆளிடம் அவள் ஐந்து பைசா குறைக்க மாட்டாள். சரியோ தப்போ, அந்த ஆள் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் நிற்பாள்.

இருசப்பனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருந்தது. வலையில் கிடந்த ஒரு கெளுத்தி மீனின் முள் வலது கால் விரல் சந்தில் குத்தியது அவனுக்குத் தெரியவேயில்லை. தெரிந்தபோது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்து, உடம்பு அனலாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான், சின்னப்பொண்ணு மார்க்கெட்டில் பாதி மீனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, அவனை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குளிக்கவில்லை, புடவை மாற்றவில்லை. முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது.

வார்டில் பார்த்த டாக்டருக்குச் சின்ன வயசு. பிரேம்குமார் என்று பெயர். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

"அம்மா, ரெண்டு விரலை எடுத்துடணும். இன்னிக்கே எடுத்துட்டா பாதம் தப்பிச்சுக்கும்."

"எடுக்கறதெல்லாம் வேணாம் சார். ஊசி போடுங்க, மருந்து கட்டுங்க, ஆறிடும்."

"ஊசி போட்டுட்டுதான் இருக்கோம். செத்துப்போன விரலுக்குள்ள மருந்து போவாதும்மா. அது இருக்கிற வரைக்கும் சீழு மேல ஏறும்."

சொல்லிக்கொண்டே பேனாவால் பாதத்தில், சிவப்பு முடிகிற இடத்தில், ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தவர் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். சின்னப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டாள். தன் முந்தானையைப் பார்த்தாள், செதிலைப் பார்த்தாள்.

"வெட்ட வுட மாட்டேன்" என்றாள்.

டாக்டர் கட்டிலுக்குக் குனிந்து இருசப்பனிடமே கேட்டுப் பார்த்தார். ஜுர மயக்கத்தில் கண்ணைத் திறக்காமலேயே அவன், "எதுவா இருந்தாலும் அவகிட்ட கேளுங்க சார்" என்றான். டாக்டர் போன பிறகு, "இன்னா சொல்றாங்க?" என்று அவளைக் கேட்டான். "வெட்டணுமாம். முடியாதுன்னுட்டேன்" என்றாள். எதை வெட்டணும், எவ்வளவு வெட்டணும் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்கிப்போனான்.

அவள் மனசில் ஓடிய கணக்கு இதுதான். முதலிலேயே இரண்டு விரல் கேட்கிறார்கள். முதலில் கேட்பது கடைசி விலை கிடையாது. அசையாமல் நின்றால் ஒரு விரலுக்கு வருவார்கள், இன்னும் நின்றால் மருந்துக்கு வருவார்கள். அவளுக்குத் தெரிந்த உலகம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது, அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது.

மாலையில் நர்ஸ் வாசலில் நின்று போனில் பேசியது காதில் விழுந்தது. "ஒய்ஃப் ரொம்ப அடமன்ட்டா இருக்காங்க சார். ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க."

பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சிவசங்கரி என்ற பெண், பேங்க் பரீட்சைக்கு ஏதோ தடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு அவளிடம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அடமன்ட்டுன்னா இன்னா கண்ணு?"

"பிடிவாதம்மா. சொன்னதுலேர்ந்து எறங்காம நிக்கிறது."

"நல்ல வார்த்தையா, திட்டா?"

சிவசங்கரி கொஞ்சம் யோசித்தாள். "எப்படி வேணா சொல்லலாம்மா. ஆனா பெரும்பாலும், நமக்கு வேண்டியவங்க நின்னா உறுதியா நிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. வேண்டாதவங்க நின்னா அடமன்ட்டுன்னு சொல்லுவாங்க. ஆனா ஆதியில அது வைரக்கல்லுக்குத்தான் பேராம். எதாலயும் ஒடைக்க முடியாத கல்லாம்."

வைரக்கல் என்றதும் சின்னப்பொண்ணுவின் முகம் மலர்ந்துவிட்டது. மூக்குத்தியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மகளுக்குப் போன் போட்டு, "டாக்டருங்களே சொல்லிட்டாங்கடி, ஒங்கம்மா அடமன்ட்டாம்" என்றாள். ஜெயசித்ரா பயந்துபோய், "அம்மா, அவங்க சொல்றத கேளேன்மா" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு. வெல பேசத் தெரியாதவதான நீ" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பிரேம்குமார் தானாகத் திரும்பி வந்தார். கூட ஒரு பெரிய டாக்டரும் வந்தார். நாலு கடை தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வருகிற முகம். சின்னப்பொண்ணு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, இப்ப விரலு பத்தாது. பாதி பாதம் எடுக்கணும்."

இறங்க வேண்டியவர் ஏறி நிற்கிறார். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. அப்படியும் ஆட்கள் உண்டு. கோபத்தில் முன்னால் கேட்ட விலையைவிடக் குறைத்துக் கேட்டு மிரட்டிப் பார்க்கிற ஆட்களை அவள் மார்க்கெட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவர்களும் கடைசியில் வழிக்கு வந்தார்கள்.

"கோடு தாண்டிடுச்சு, நீங்களே பாருங்கம்மா" என்று டாக்டர் கட்டைப் பிரித்துக் காட்டினார். அவள் காலைப் பார்க்கவில்லை. வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவதைப் பார்த்தாள். எதிர்க் கட்டில்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தாள். ஊரே அவளை ஒதுக்கிவைத்துப் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது.

"முடியாது சார்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெயசித்ரா வந்து அப்பாவுக்குத் துணை இருந்தாள். சின்னப்பொண்ணு பிள்ளைச்சாவடிக்குப் போனாள். இவர்கள் முன்னால் இனி இந்தக் கோலத்தில் நிற்கக்கூடாது என்று அவளுக்கு வைராக்கியம். சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நகத்துக்குள் இருந்த செதிலை எல்லாம் குச்சியால் நோண்டி எடுத்தாள். சோப்பை இரண்டு தடவை தேய்த்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்து, பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த புடவையை மறுநாள் காலையில் கட்டிக்கொண்டு, கதம்பம் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கை மூக்குக்குப் போகவில்லை. சின்னப்பொண்ணு அதைக் கவனித்தாள். இப்போது வரச் சொல்லு அந்த டாக்டரை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயசித்ரா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். வார்டுக்குள் நுழைந்தபோது சிவசங்கரி தன் துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். இரண்டு நாளாகத் தான் வாங்கிவந்த இட்லியில் பங்கு கொடுத்த பெண், பக்கத்தில் உட்கார்ந்து பேசின பெண். சின்னப்பொண்ணுவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தாங்க முடியல" என்றாள்.

சின்னப்பொண்ணு நின்ற இடத்திலேயே நின்றாள். தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை. முந்தானையை முகர்ந்தாள். பாச்சை உருண்டை வாசனை. பிறகு மெதுவாகக் கட்டிலை நெருங்கி, இருசப்பனின் காலுக்குக் குனிந்தாள்.

பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்த மூக்கு அது. எந்த மீன் எந்த நேரத்தில் கெடும் என்று தொடாமலே சொல்லிவிடும். இந்த இரண்டு நாளும் அது ஊமையாக இருந்துவிட்டது, ஏனென்றால் நாற்றம் என்றாலே அது தான்தான் என்று அவளுக்கு ஊரார் பழக்கிவைத்திருந்தார்கள். போர்வையை விலக்கினாள். பேனாக் கோடு பாதத்தில் எங்கேயோ கீழே கிடந்தது. சிவப்பு அதைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி மேலே போயிருந்தது. கெண்டைக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள், வாங்குகிறவர்கள் மீனை அழுத்திப் பார்க்கிற மாதிரி. நல்ல மீன் என்றால் பள்ளம் உடனே எழும்பிவிடும். இங்கே பள்ளம் பள்ளமாகவே நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த டாக்டர் பிள்ளை பேரம் பேச வரவேயில்லை. கெட்டுக்கொண்டிருக்கிற மீனைக் காட்டி, கெட்ட துண்டை மட்டும் நறுக்கிக் கொடு, மிச்சமாவது தப்பட்டும் என்று வந்து வந்து கெஞ்சியிருக்கிறார்.

பிரேம்குமாரை எங்கெங்கோ தேடி, எக்ஸ்ரே அறை வாசலில் பிடித்தாள்.

"எடுத்துக்குங்க சார். அந்த ரெண்டு வெரலையும் எடுத்துக்குங்க. பாதி பாதம் கேட்டீங்களே, அதையும் எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அவளை உட்காரவைத்தார். "இப்ப முட்டிக்குக் கீழ எடுக்கணும்மா. காலையில பெரிய டாக்டர் பாத்துட்டாரு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்தாகணும். நாளைக்குன்னா காலு மட்டுமில்ல, ஆளே கெடைக்க மாட்டாரு."

"சரி சார்." அவர் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். கேட்ட விலைக்கு அப்படியே தலையாட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தலையாட்டியதும் அழுகை வந்தது. முட்டிக்குக் கீழே ஒரு கால் இல்லாதவன் ஆடுகிற படகில் எப்படி நிற்பான், எப்படி வலை இழுப்பான். இரண்டு விரல் இல்லாதவன் நிற்பான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் கையெழுத்து இருசப்பன்தான் போட வேண்டும். ஊசியில் ஜுரம் கொஞ்சம் இறங்கி, அவன் தெளிந்திருந்தான். டாக்டர் காகிதத்தை நீட்டியபோது தலையை ஆட்டினான்.

"அவ முடியாதுன்னுட்டா சார்."

"இப்ப அவங்களே சம்மதிச்சுட்டாங்க ஐயா."

"அவளா? அவ சம்மதிக்க மாட்டா. நீங்க அவள பயமுறுத்தி வுட்டுருக்கீங்க." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்த நம்பிக்கையை அவளால் பார்க்க முடியவில்லை. "இன்னாத்துக்கு அழுவுற? நீ எறங்காத. பஸ்ஸையே நிறுத்துனவ நீ. நீ எறங்கி நான் பாத்ததில்ல."

அவள் கெஞ்சினாள். காலைப் பிடித்தாள், நல்ல காலை. சாமி பேரைச் சொன்னாள், பேரப்பிள்ளைகள் பேரைச் சொன்னாள். டீயோடு திரும்பி வந்த ஜெயசித்ரா என்ன ஏது என்று புரியாமல் அப்பாவின் தலைமாட்டில் நின்று அழுதாள். அவன் அசையவில்லை. முப்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை இன்றைக்குத்தான் எடுத்து வைக்கிறான் போல, மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிப் படுத்திருந்தான். மணி ஆகிக்கொண்டே இருந்தது. டாக்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இப்ப அவரு அடமன்ட்டா இருக்காரும்மா. எங்க பேச்சு எடுபடாது. நீங்கதான் ஏதாவது சொல்லணும்."

அந்த வார்த்தை இப்போது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வைரக்கல்லாவது, மண்ணாங்கட்டியாவது. சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க அவள் காலையிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள்.

கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாய்யா. அவங்க மொதல்ல இத கேக்கல."

அவன் மேல்கூரையிலிருந்து கண்ணை எடுத்தான். "பின்ன?"

"வந்த அன்னிக்கு கம்மியாத்தான் கேட்டாங்க. நான்தான் ஒங்கிட்ட சொல்லல. எறங்கி வருவாங்கன்னு நின்னேன். நிக்க நிக்க ஏறிக்கினே போயிடுச்சு. இப்பவும் நீ நின்னியானா ஒன்னையே கேப்பாங்க. போட்டுடுய்யா."

"மொதல்ல எவ்வளோ கேட்டாங்க?"

அவள் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள்.

அவன் அந்த விரல்களையே பார்த்தான். பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த தன் காலைப் பார்த்தான். டாக்டரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று சைகையில் கேட்டான். எழுத்துக் கூட்டி மெதுவாகக் கையெழுத்துப் போட்டான்.

ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். தூக்கிப் படுக்கவைக்கும்போது அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள், திட்டினால் திருப்பித் திட்ட அவளுக்குத் தெரியும்.

"குடுத்திருக்கலாமே, சின்னப்பொண்ணு" என்றான்.